மூணு கலர்ச் சேவல்

வீடியோ கேம் செய்கிற வேலைக்குப் போக வேண்டுமென்றால், முதலில் முகம் தெரியாத ஆட்களிடம் திட்டு வாங்கப் பழகிக்கொள்ள வேண்டும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, இணையக் குழுக்களில் பெயரைப் பதிந்து, யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று திரையையே வெறித்துப் பார்த்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு நான் சொல்வது புதிதாக இருக்காது. ஆனாலும் ஒருத்தன் பட்ட பாட்டை இன்னொருத்தன் கேட்பதில் ஓர் ஆறுதல் உண்டல்லவா?

சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் தீப்பெட்டி லேபிள் வரைந்துகொண்டிருந்தேன். கேமுக்குப் படம் வரைய வேண்டும் என்பது ஆசை. ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி வைத்திருக்கிற என் மாமாவுக்கோ, லோடு கணக்கு எழுத நம்பிக்கையான ஆள் வேண்டும். காலண்டர் சீசன் முடிந்து பொங்கல் வருவதற்குள் கேம் கம்பெனியில் வேலை கிடைத்தால் சரி, இல்லையென்றால் லாரி ஆபீஸ் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. பேசியிருந்தாலும் என் குரல் பக்கத்து ஆளுக்கே கேட்காது.

மதிப்பிற்குரிய துருப்பிடித்த ஆணி அவர்களுக்கு

கேமுக்குப் படம் வரைகிறவர்களின் குழு ஒன்றில் சேர்ந்தேன். அங்கே பேச்செல்லாம் இங்கிலீஷ். நான் உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன். யாரும் சொந்தப் பெயரில் இல்லை. குழுவை மேய்ப்பவர் ஏதோ ஒரு குளிர் நாட்டுக்காரர். தனக்குத் தானே 'துருப்பிடித்த ஆணி' என்று பெயர் வைத்துக்கொண்டவர்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்று போட்டிருந்தது. எனக்குத் தெரிந்த அறிமுகம் வேலைக்கு எழுதுகிற மனுதான். 'மதிப்பிற்குரிய துருப்பிடித்த ஆணி ஐயா அவர்களுக்கு, வணக்கம்' என்று தொடங்கி, அப்பா பெயர், வட்டம், மாவட்டம், பத்தாம் வகுப்பு மார்க் எல்லாம் எழுதி, 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்று முடித்தேன். பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காஜா பாய் பின்னால் நின்று படித்துவிட்டு, "இம்புட்டுப் பணிவா ரேசன் கார்டுக்குக்கூட எவனும் எழுதினதில்ல தம்பி" என்றார்.

மறுநாள் காலை, அச்சகத்துக்குப் போகிற வழியில் போய்ப் பார்த்தேன். பதில் வந்திருந்தது. "இங்கே யாரும் ஐயா இல்லை. உன் அப்பாவுக்கு என் வணக்கம். படம் இருந்தால் காட்டு."

நாலு மூலையில் நாலு பேர்

படம் காட்டினேன். வாள் பிடித்த வீரன், பின்னால் மலைக்கோட்டை. பல ஞாயிற்றுக்கிழமைகளின் உழைப்பு. அச்சகப் பழக்கத்தில், லேபிளை அச்சுக்கு பிலிம் எடுக்க அனுப்புகிற மாதிரியே அதையும் அனுப்பிவிட்டேன். அதாவது, ஓரத்தில் பேப்பர் வெட்டுகிறவருக்கு வெட்டுக்குறிக் கோடுகள். கலர் மேல் கலர் பிசகாமல் உட்கார வேண்டும் என்பதற்காக நாலு மூலையிலும் ரிஜிஸ்டர் மார்க். வட்டம் போட்டு உள்ளே ஒரு கூட்டல் குறி, அவ்வளவுதான் அது. எங்கள் தெருவில் பெட்டிக்கடைக்காரருக்குக்கூட அது என்னவென்று தெரியும்.

துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு அந்தக் குறி வேறு ஒன்று என்று எனக்குத் தெரியாது. முதல் ஆள் சிரித்தான். அடுத்தவன் வீரனுக்காக இரங்கல் எழுதினான். இன்னொருத்தன், கோட்டைக்குள் ஓடிவிடச் சொல்லி அவனுக்கு யோசனை சொன்னான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் துருப்பிடித்த ஆணி வந்து கேட்டார்: "உன் வீரனை நாலு மூலையிலிருந்து நாலு பேர் துப்பாக்கியால் குறி வைத்திருக்கிறார்களே, அவன் அப்படி என்ன குற்றம் செய்தான்?"

உம் கொட்டாத ஊர்

குறிகளை எடுத்துவிட்டு அடுத்தடுத்துப் படம் போட்டேன். ஒரு பதிலும் இல்லை. சிரித்த ஆட்களைக்கூடக் காணோம். எங்கள் வீட்டில் தாத்தா கதை சொன்னால் யாராவது ஒருவர் 'உம்' கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். ராஜகுமாரன் பாதி ஆற்றிலேயே கிடப்பான். இங்கே எனக்கு உம் கொட்ட ஓர் ஆள் இல்லை.

அப்புறம்தான் உறைத்தது. நானும் யாருக்கும் உம் கொட்டவில்லையே! அன்றிலிருந்து மற்றவர்கள் படங்களுக்குக் கீழே எழுத ஆரம்பித்தேன். இந்தக் குதிரையின் பின்னங்கால் நன்றாக இருக்கிறது, இந்த மரத்துக்கு நிழல் எதிர்ப் பக்கம் விழுகிறது, இப்படி. வாயால் சொல்வதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தட்டச்சுக்குக் குரல் வேண்டாமே. கொஞ்ச நாளில் என் படங்களுக்குக் கீழேயும் ஆள் சேர்ந்தது. திட்டுதான், ஆனால் இடம் சுட்டித் திட்டினார்கள். காஜா பாய்க்கு மட்டும் இது பொறுக்கவில்லை. "எவனோ வரைஞ்ச குதிரைக்குக் கால் சரியில்லன்னு சொல்லவா தம்பி காலங்காத்தால சோறுகூடத் திங்காம ஓடியார்றீக?"

நாலாவது கலர்

குழுவில் ஒரு போட்டி வைத்தார்கள். கைபேசித் திரைக்கு ஒரு பறவை வரைய வேண்டும். அந்தக் காலக் கைபேசித் திரை எம்புட்டு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நாலு கலருக்கு மேல் கூடாது என்பது விதி. இத்தனூண்டு இடத்தில் நாலு கலரை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா என்கிற மாதிரி ஆளாளுக்குப் புலம்பினார்கள்.

எனக்கோ சொந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அதுதானே தீப்பெட்டி அளவு! எங்கள் அச்சக போர்மேன் முத்தையா அண்ணாச்சி, கலர் விஷயத்தில் கஞ்சர். ஒரு கலர் கூடினால் ஒரு பிளேட் கூடும், மெஷினில் இன்னொரு தடவை ஓட்ட வேண்டும். யாராவது நாலாவது கலர் கேட்டால், "ஏன், உங்கப்பன் மை காய்ச்சுறானோ?" என்பார். அதனால் சிவப்பு, மஞ்சள், கறுப்பு மூன்றை மட்டும் வைத்து ஒரு சேவல் வரைந்தேன். வெள்ளை வேண்டிய இடத்தில், லேபிளில் பேப்பரை அப்படியே விட்டுவிடுகிற மாதிரி, பின்னணியை விட்டுவிட்டேன்.

சேவல் ஜெயித்தது. அந்த அறிவிப்பை நான் மூன்று முறை படித்தேன், காஜா பாய் சத்தமாக ஒரு முறை படித்தார். துருப்பிடித்த ஆணி, நாலு கலர் கொடுத்தும் ஏன் மூன்றோடு நிறுத்தினாய் என்று கேட்டிருந்தார். அண்ணாச்சி திட்டுவார் என்று உள்ளதை எழுதினேன். உடனே பதில் வந்தது: "அண்ணாச்சி என்பது எந்த ஸ்டுடியோ? அங்கே ஆள் எடுக்கிறார்களா?"

கேமை நிறுத்துங்க

பெங்களூரில் கைபேசி கேம் செய்கிற கம்பெனி ஒன்றில் துருப்பிடித்த ஆணிக்குப் பழக்கம். சேவலை அவர்களுக்கு அனுப்பியிருந்தார். காஜா பாய் கடை நம்பருக்குக் கூப்பிடுகிறோம் என்று அவர்களிடமிருந்து மெயில் வந்தது. பாய் அன்றைக்குக் கடைக்குள் இருந்த எஸ்.டி.டி. பூத்தில் வேறு ஒருவரையும் விடவில்லை. பொங்கலுக்கு அதிக நாள் இல்லை. மாமா எனக்காக நாற்காலிகூட வாங்கிப் போட்டுவிட்டதாகத் தகவல்.

போன் வந்தது. பேசியவர் தமிழ்க்காரர்தான். முதல் கேள்விக்கு நான் சொன்ன பதில் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கொஞ்சம் பலமாகச் சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்துப் பட்டாசுக் கடையில் வெளியூர் வியாபாரிக்கு சாம்பிள் காட்ட, பின்னால் இருந்த பொட்டலில் ஒரு சரத்தைக் கொளுத்திவிட்டார்கள். கண்ணாடிக் கதவே அதிர்ந்தது. அது ஓய்ந்ததும் அணுகுண்டு ஒன்று, இரண்டு. போச்சு, லாரி ஆபீஸ்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். புகை அடங்கியபோது எதிர்முனையில் அவர் நிதானமாகச் சொன்னார்: "தம்பி, உங்க ஆர்வம் புரியுது. கேமை நிறுத்திட்டுப் பேசுங்க."

எந்தப் பார்ட்டிக்கு?

நேரில் வரச் சொல்லவில்லை. சேவல் ஓட வேண்டும், தாவ வேண்டும், விழ வேண்டும், எல்லாம் வரைந்து அனுப்பு, பிடித்திருந்தால் வேலை என்றார்கள். காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அச்சகக் கம்ப்யூட்டரிலேயே வரைந்தேன். அண்ணாச்சி எட்டிப் பார்த்து, கலரை எண்ணிவிட்டு, மெஷின் பக்கம் போய்விட்டார்.

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தீப்பெட்டி கம்பெனி முதலாளி லேபிள் பார்க்க வந்தார். திரையில் தாவிக்கொண்டிருந்த சேவலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "இது எந்தப் பார்ட்டிக்குப் போகுது? எனக்கு இதுதான் வேணும்." வேறு சேவல் வரைந்து தருகிறேன் என்றேன். அவருக்குக் காது கேட்கவில்லை. கேட்டாலும் கேட்கிற ஆள் இல்லை. அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். பெரிய ஆர்டர். கொடுத்துவிட்டால், பெங்களூருக்கு அனுப்ப என்னிடம் ஒன்றும் இருக்காது. எழுந்து நின்று, "இது குடுக்குறதுக்கு இல்லைங்கய்யா. இது என்னோடது" என்றேன். மெஷின் ஓட்டுகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அண்ணாச்சியிடம் சொன்னார்: "இத்தன வருசமா வர்றேன். இல்லைன்னு சொல்றப்பத்தான் இந்தப் பையன் சத்தமே எனக்குக் கேக்குது."

ஒரு உயிர் கூட

வேலை கிடைத்துவிட்டது. மெயிலை பாய் கலரில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். அதில் கலரே கிடையாது என்றாலும் கலர் பிரிண்டர்தான் மரியாதை என்றார். பொங்கலன்று வந்த மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெளையாடுறதுக்கா சம்பளம் தாராங்க?" என்றார். செய்கிறதுக்கு மாமா என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை. வாங்கின நாற்காலியைப் பற்றித்தான் அம்மாவிடம் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

நான் பெங்களூர் போய்ச் சேர்ந்த சில மாதங்களில் அந்தச் சேவல் கேமாக வெளிவந்து, ஊர்ப் பக்கம் கைபேசிகளிலும் ஏறிவிட்டது. கூவுகிற சத்தம் வைக்க அந்தக் கைபேசியில் இடம் பத்தவில்லை. மற்றபடி அதே சேவல், அதே மூன்று கலர். ஒருநாள் வேலை நேரத்தில் மாமா போன் செய்தார். லாரி லோடுக்கு வரிசையில் நிற்கிறதாம், பின்னால் ஆரன் சத்தம் கேட்டது. யாருக்கு என்னமோ ஏதோ என்று பதறிப் போனேன். மாமா அழாத குறையாகச் சொன்னார்: "ஏலே, மூணாவது கட்டத்துல அந்தப் பள்ளத்துல விழுந்து விழுந்து சாகுதுலே சேவல்! ஒங்க கம்பெனில சொல்லி மாமனுக்கு மட்டும் ஒரு உயிர் கூடப் போட்டு வையி."

சத்தத்தைச் சரம் கட்டி விற்கிற ஊரில் பிறந்து, கூவத் தெரியாத ஒரு சேவலைக் காட்டி வேலை வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.