தனசீலன் காத்த உறைகள்

"நான் இருக்க வரைக்கும் புது மிஷின் உறைய ஒரு கை கழட்டாது, பாத்துக்கிடுங்க."

மும்பை செம்பூர்ப் பொறியியல் கல்லூரி ஒன்றின் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளர், காவலர், சர்வாதிகாரி ஆகிய மூன்று பதவிகளையும் ஒரே சம்பளத்தில் வகித்த தனசீலன், புது கம்ப்யூட்டர்கள் வந்திறங்கிய அன்று வெளியிட்ட பிரகடனம் இது.

அது காப்பாற்றப்பட்டது. மாணவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பழைய கம்ப்யூட்டர்களுடன் மல்லுக்கட்டினார்கள். ஆய்வுக் குழுகூடப் புதியவற்றை உறைக்கு வெளியே நின்றே தரிசித்து, கையெழுத்துப் போட்டுப் போனது. தனசீலன் கொள்கைவாதி. வீட்டு சோபாவின் பிளாஸ்டிக்கையே இன்னும் பிரிக்கவில்லை. விருந்தாளிகள் வழுக்கி விழுவதை மனைவி ஜோஸ்பின்தான் ஒரு குறையாகச் சொல்வாள்.

தாராவி ஷாலினிக்குக் கடைசி வருடம். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. துணியின் படத்தைப் பார்த்துத் தையல் பிசகைக் காட்டும் புரோகிராம் எழுதியிருந்தாள். மறுநாள் தேர்வாளர் முன் அது ஓடியாக வேண்டும். இல்லையென்றால் வருடம் போச்சு. பழைய கம்ப்யூட்டரோ படத்தைக் கண்டதுமே ஹேங் ஆனது.

"அண்ணாச்சி, புதுசுல ஒண்ணு தாங்க."

"சோலியப் பாரு பிள்ள. கெட்டுப்போச்சுன்னா ஒங்கப்பாவா வந்து பதில் சொல்லுவாரு?"

"இப்பவே கெட்டுப்போயிருந்தா?"

"ஓட்டுனாத்தானட்டி கெடும்?"

"எங்கம்மா மிக்ஸியப் பொத்திப் பொத்தி பரண்ல வச்சிருந்தா. எறக்கிப் போட்டா சுத்தல. வாரண்டியும் முடிஞ்சிட்டு. இதுக்கு அடுத்த மாசம் முடியுதுல்லா? சோடோ, விடுங்க அண்ணாச்சி, சும்மா கேட்டேன்."

அவள் திரும்பிப்போய் உட்கார்ந்தாள். தனசீலனுக்கு ஏசியிலும் வியர்த்தது. ஓரத்துக் கம்ப்யூட்டரை உறைக்கு மேலாகவே தடவிப் பார்த்தார். உள்ளே உயிர் இருக்கிறதா என்பது தடவினால் தெரிகிற விஷயமாக இல்லை.

"ஏ பிள்ள, இங்க வா. சோதனைக்குத்தான்."

நெடுந்தூக்கம் கலைந்த கம்ப்யூட்டர் அரை மணி நேரம் சோம்பல் முறித்தது. பிறகு ஷாலினியின் படங்கள் ஒவ்வொன்றாக ஓடின. பிசகிய தையலில் எல்லாம் சிவப்பு வட்டம்.

"என் சட்டையப் படம் பிடிச்சுப் போடு, பாப்பம்."

காலரில் இரண்டு வட்டம். தனசீலன் காலரைத் தடவிக்கொண்டார். பழைய கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்த மற்ற மாணவர்கள் இவர் பக்கமே பார்த்தார்கள்.

"மத்ததும் கெட்டுருக்கான்னு பாக்கணும்லா," என்று சுவரிடம் சொல்லிவிட்டு, அடுத்ததன் உறையைக் கழற்றினார். பிறகு அதற்கடுத்தது. கழற்றிய உறைகளை எல்லாம் நான்காக மடித்துத் தன் நாற்காலியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.