மணலி இருமல்

எழில்மொழி பிறந்தது வியாசர்பாடி, வாழ்க்கைப்பட்டது மணலி. வந்த புதிதில் அவளுக்கு இருமல் நிற்கவே இல்லை. புருஷன் பாரி சிரித்தான். "இதுக்குப் பேரு மணலி இருமல். வூட்டு வாடகைல இதும் சேத்தி." கம்பெனிப் புகையில் வருகிற இருமலை மணலிக்காரர்கள் நோய் என்று சொல்வதில்லை. கொஞ்ச நாளில் அவளும் சொல்வதை விட்டுவிட்டாள்.

திருவொற்றியூரில் டாக்டர் ரெஜினாவின் பல் கிளினிக்கில் அவளுக்கு உதவியாளர் வேலை. பல்லைக் குடையும்போது தண்ணீர் சாரலாகத் தெறிக்கும். வாயிலும் தொண்டையிலும் இருக்கிற கிருமியெல்லாம் அதோடு காற்றில் ஏறும். அதனால் ஃப்ளூ பரவுகிற மாதங்களில், காய்ச்சலும் இருமலுமாக வருகிறவர்களை டாக்டர் பிறகு வரச் சொல்லிவிடுவார். தள்ளிப்போட முடியாத வலி என்றால் எல்லாரும் போன பிறகு, முழுக் கவசத்தோடு பார்ப்பார். எழில்மொழிக்கு அப்போது ஏழாவது மாதம். முன்பு இரண்டு முறை கலைந்துபோன வயிறு. கர்ப்பிணிக்கு ஃப்ளூ வந்தால் பொல்லாதது என்று டாக்டர் அவளை நாற்காலிப் பக்கமே விடாமல் வாசலில் உட்காரவைத்தார். வருகிறவர்களிடம் காய்ச்சலையும் இருமலையும் விசாரிப்பது மட்டும்தான் அவள் வேலை.

ஒரு நாள் பரசுராமன் வந்தார். டேங்கர் லாரி டிரைவர், அவள் தெருக்காரர். கன்னம் வீங்கியிருந்தது.

"இருமல் கீதாண்ணே?"

"இல்லம்மா," என்று சொல்லிவிட்டு இருமினார். "அட, இது நம்ம மணலி இருமல்மா. உனக்குத் தெரியாததா?"

சிரித்துக்கொண்டே நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் கருவியைக் காட்டினாள். காய்ச்சல் இல்லை என்றது. எப்படி இருக்கும்? பல்வலிக்காக மனிதர் காலையிலிருந்து காய்ச்சல் மாத்திரையைக் கடலைமிட்டாய் மாதிரி விழுங்கியிருந்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை.

அவளுக்குப் பதிலாக உள்ளே டாக்டருக்கு உதவும் பெண் அன்று லீவு. "எச்சி உறிஞ்சுற டியூப நான் புடிக்கிறேன் டாக்டர். அண்ணனுக்கு ஒண்ணுமில்ல, நம்ம ஏரியா இருமல்தான்," என்று எழில்மொழியே போய் நின்றாள். டாக்டரும் தயங்கிவிட்டு ஒப்புக்கொண்டார். பிள்ளைத்தாய்ச்சிக்கு மூச்சு முட்டியது. முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கிக்கொண்டாள். டாக்டரின் கண் பல்லில் இருந்தது.

மறுநாள் பரசுராமனுக்குக் காய்ச்சல் கொதித்தது. சோதனையில் ஃப்ளூ என்று வந்தது. அதற்கடுத்த நாள் எழில்மொழி காய்ச்சலில் விழுந்தாள். டாக்டரே ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மாத்திரையும் ஆக்ஸிஜனும் கொடுத்தார்கள். மூச்சு திணறியதற்கு அவள் அழவில்லை. வயிற்றில் அசைவு குறைந்தபோது அழுதாள். பரசுராமன் இளநீரோடு வந்து வார்டு வாசலில் நின்றார். "வேணும்னா பண்ணேன் நைனா?" என்றார் பாரியிடம். பாரி முகம் கொடுக்கவில்லை. பாவம், அவரும் பொய் சொல்லவில்லை.

பெண் குழந்தை முன்கூட்டியே பிறந்தது. பூனைக்குட்டி அளவில் இருந்தாலும் பிழைத்தது. தேறி, வீட்டுக்கு வந்து, முகம் பார்த்துச் சிரிக்கவும் ஆரம்பித்தது.

ஒரு காலையில் குழந்தை இருமியது.

"பாத்தியா, மணலிக்காரின்னு காட்டிட்டா!" என்று பாரி சிரித்தான்.

எழில்மொழி சிரிக்கவில்லை. குழந்தையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"வண்டிய எடு," என்றாள்.