என் வேனில் விட்டுப்போன ‘எக்ஸ்ட்ரா’

பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, எனக்கு ஒரு கடிதம் வந்தது. உறையின் மேல் என் முழுப்பெயரையும் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் அச்சடித்திருந்தார்கள். பதினோரு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். பல் மருத்துவர் முதல் பீட்சா கடைக்காரர் வரை என் பெயரைக் கடித்துத் துப்பாதவர் இல்லை. அதைச் சரியாக எழுதி ஒருவர் கடிதம் அனுப்பினால் அது நல்ல செய்தியாக இருக்காது என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

உரிமம் இல்லாமல் மின்சார வேலை செய்வதாக நான் விளம்பரம் செய்கிறேன் என்று, மின்சார வேலைக்கு உரிமம் தரும் அரசு அலுவலகத்தில் யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். எழுத்தில் பதில் தர வேண்டும். மூன்று வாரம் கழித்து நேரிலும் வர வேண்டும். சமையலறையில் நின்றபடி இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை படிக்க முடியவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

சபையாரே, என்னை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு சிட்னியில், பிளாக்டவுனில் வீடு. அலாரம், கேமரா பொருத்துவது தொழில். இந்த ஊரில் அதற்கு வெறும் ஸ்குரூடிரைவர் போதாது. ஆளுக்கு ஒரு பாதுகாப்பு உரிமம் வேண்டும், அதைப் போலீஸ் விசாரித்துத் தரும். சொந்தமாகத் தொழில் நடத்த அதற்கு மேல் ஒரு மாஸ்டர் லைசென்ஸ் வேண்டும். இணைய இணைப்போடு சேரும் கேபிளைத் தொட வேண்டுமானால் கேபிள் பதிவு என்று இன்னொரு அட்டை. மூன்றும் என்னிடம் இருந்தன. மூன்றாவது அட்டைக்குப் பர்ஸில் இடம் வேண்டும் என்று என் மனைவி ஸ்டெல்லாவின் போட்டோவை வெளியே எடுத்தேன். அதை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

சுவருக்குள் ஓடும் வீட்டு மின்சாரத்தை மட்டும் நான் தொடக் கூடாது. அது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை. நான் தொட்டதும் இல்லை.

அப்படியானால் தப்பு எங்கே? என் வேனில். வேனின் இரண்டு பக்கமும் நீல எழுத்தில் ‘லோ வோல்டேஜ் ஸ்பெஷலிஸ்ட்’ என்று பெரிதாக எழுதி வைத்திருந்தேன்.

நான் பாளையங்கோட்டைக்காரன். எங்கள் ஊரில் லோ வோல்டேஜ் என்றால் சாயங்காலம் டியூப்லைட் கண்ணைச் சிமிட்டும், மின்விசிறியின் இறக்கைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணலாம். அதற்குப் பிறகு துபாயில் ஓர் அமெரிக்கக் கம்பெனியில் ஏழு வருடம் இருந்தேன். அங்கே அலாரம், கேமரா வேலைக்கே லோ வோல்டேஜ் என்றுதான் பெயர். ஆனால் ஆஸ்திரேலியாவில் ஐம்பது வோல்ட்டுக்குக் கீழே ஓடுவதற்கு ‘எக்ஸ்ட்ரா லோ வோல்டேஜ்’ என்று பெயர். வெறும் ‘லோ’ என்றால் அதற்கு மேலே ஆயிரம் வோல்ட் வரைக்கும். ஆளைத் தூக்கி எறிகிற மின்சாரத்துக்கு ‘லோ’ என்று பெயர் வைத்த நாட்டுக்கு நானாகத்தான் விண்ணப்பம் போட்டு வந்தேன்.

தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். பரீட்சையில் சரியாக எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். ஸ்டிக்கர் கடையில் போய் நின்றபோது மட்டும் வாயிலிருந்து பாளையங்கோட்டை வந்துவிட்டது. ஒரு வருடமாக, செய்யக் கூடாத வேலையைச் செய்வேன் என்று வேனில் எழுதி, போன் நம்பரும் கொடுத்து, சிட்னி முழுக்கச் சுற்றியிருக்கிறேன்.

கடிதம் வந்த அன்றே பழுப்பு டேப்பை எடுத்துக்கொண்டு போய் ‘லோ’வை மறைத்தேன். ஸ்டெல்லா வெளியே வந்து பார்த்தாள்.

“ஏங்க, என்ன காரியம் செஞ்சிருக்கீங்க? இப்ப ஹை வோல்டேஜும் பாப்பீங்கன்னுல்லா நெனப்பாங்க!”

முழுவதையும் மறைத்தேன். வேன் விபத்தில் அடிபட்டுக் கட்டுப் போட்டதுபோல் நின்றது. அதைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு வேனுக்குள் உட்கார்ந்து அழுதேன். என் மாஸ்டர் லைசென்ஸ் மார்ச் மாதத்தோடு முடிகிறது. நேர்மையும் தகுதியும் உள்ளவர் என்று போலீஸின் பாதுகாப்பு உரிமப் பிரிவுக்குத் தோன்றினால்தான் புதுப்பிப்பார்கள். இந்தப் புகார் என்மேல் ஒட்டிக்கொண்டால் தொழில் போயிற்று. நாற்பத்தாறு வயதில் மறுபடியும் முதல் படியில் போய் நிற்க வேண்டும்.

முதல் இரண்டு நாள் என்னால் ஜெபிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் செய்த ஜெபம் வெளியே சொல்லத் தக்கதல்ல. புகார் கொடுத்தவனின் பெயரைக் காட்டும் என்று கேட்டேன். அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்றும் சில யோசனைகள் கொடுத்தேன். ஆண்டவர் ஒன்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வென்ட்வேர்த்வில்லில் அன்ரன் வீட்டில் ஜெபத்துக்குக் கூடுவோம். அன்ரன் யாழ்ப்பாணத்துக்காரன், என்னைவிட ஆறு வயது இளையவன். அவனும் அலாரத் தொழில்தான். என்னைவிடப் பெரிய அளவில் செய்கிறான். அந்தக் கூட்டத்தின் ஜெபக் குறிப்பில் என் பெயர் ஏற்கெனவே இருந்தது. காரணம், இணையத்தில் ஒரு வீட்டுக்காரர் என் தொழிலுக்குக் கொடுத்திருந்த ஒற்றை நட்சத்திரம். அதன்கீழ் ஏதோ எழுதியும் இருந்தார். ‘பிரயோஜனமில்லாத ஆள்’ என்று ஆரம்பித்தது. அதற்கு மேல் படிக்க ரோஷம் விடவில்லை. கர்த்தர் அதை அழித்துப்போட வேண்டும் என்று ஆறு மாதமாகப் பன்னிரண்டு பேர் ஜெபித்தோம். ஒரு பிசாசை விரட்டக்கூட நாங்கள் அவ்வளவு ஜெபித்ததில்லை. நட்சத்திரம் அசையவில்லை.

அன்று கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். ஜெபம் முடிந்ததும் அன்ரன் என்னைச் சமையலறைக்குள், அவன் பேச்சில் குசினிக்குள், கூப்பிட்டான்.

“அண்ணை, புதுப்பிக்கிற படிவம் அனுப்பிப் போட்டீங்களோ?”

“இல்ல தம்பி. அதுல ஒரு கேள்வி இருக்கு. உங்களைப் பத்தி விசாரணை எதுவும் நடக்குதான்னு.”

“‘இல்லை’ எண்டு டிக் பண்ணுங்கோ.”

“நடக்குதே!”

“எங்க நடக்குது? கடிதம்தானே வந்தது? கடிதம் விசாரணை இல்லை. கடிதம் போட்ட ஒஃபிசும் லைசென்ஸ் தாற ஒஃபிசும் வேற வேற. ஆர் போய் விசாரிக்கப் போறாங்கள்?”

“நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்டே.”

“பகிடி விடாதேங்கோ. நேரில கூப்பிட்டுக் கேட்டாலும் ஸ்டிக்கர் கடைக்காரன் பிழை விட்டிட்டான் எண்டு சொல்லுங்கோ. அப்பிடியும் லைசென்ஸ் போனா என்ர லைசென்ஸ் நம்பரில வேலை செய்யுங்கோ. இப்பவும் லைசென்ஸ் இல்லாத ரெண்டு பேர் என்ர நம்பரிலதான் செய்யினம்.”

“இப்பத்தான் உள்ளே ஜெபம் பண்ணினோம்.”

“ஓம், ஜெபமும் செய்வம், இதையும் செய்வம்.”

அன்ரன் கெட்டவன் இல்லை. என்மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னான். அதுதான் கஷ்டம். கொம்போடு வந்திருந்தால் விரட்டியிருப்பேன். தேநீரும் ரோல்ஸும் கொடுத்துச் சொன்னால் என்ன செய்வது? யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, ரோல்ஸை இரண்டாகவே எடுத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை படிவத்தை மேசைமேல் வைத்தேன். பேனாவைத் திறந்தேன். மூடினேன். ஸ்டெல்லா எதிரே உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“‘இல்ல’ன்னு போடலாமா?” என்று கேட்டேன்.

“போடுங்க. நீங்க பொய் சொன்னா காது செவந்துரும்லா. அந்த அட்டைக்கு புது போட்டோ வேற கேக்காங்க.”

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்காதீர்கள். பயத்தின்மேல். நான் ஆண்டவரை நம்புகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை மேடையில் பாடுகிறேன், அதுவும் சுருதி விலகி. ஒரு சின்னக் கட்டத்தில் ஒரு டிக் போடப் பேனாவைத் திறந்து திறந்து மூடுகிறேன். இது என்ன விசுவாசம்?

அன்று செய்த ஜெபத்தை அப்படியே எழுதுகிறேன். “ஆண்டவரே, ‘ஆம்’ என்று போடப் போகிறேன். லைசென்ஸ் கொடுத்தாலும் போடுவேன், கொடுக்காவிட்டாலும் போடுவேன். இனி உம்முடைய பாடு. சாத்தானே, நீயும் கேட்டுக்கொள். வேனை வேண்டுமானால் எடுத்துக்கொள், கிளட்ச் சரியில்லை. என் வாயை நான் உனக்குத் தருவதாக இல்லை.” வெங்காயத்தின் நடுவே ஸ்டெல்லா ஆமென் சொன்னாள்.

‘ஆம்’ என்று போட்டேன். கீழே விவரத்துக்கு நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். வேனில் தவறான சொல்லை எழுதச் சொன்னது நான்தான், கடைக்காரர் அல்ல என்று எழுதினேன். அனுப்பிவிட்டேன். அனுப்பிய உடனே சமாதானம் வந்து நிறைந்தது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். வரவில்லை.

மார்ச் முதல் வாரம், பரமட்டாவில், கடிதம் அனுப்பிய அலுவலகம். ஸ்டெல்லா வெளியே உட்கார்ந்து ஜெபித்தாள். உள்ளே ஒரு பெண் அதிகாரி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். நான் நடந்ததைச் சொன்னேன். ஊரில் மின்விசிறி எப்படிச் சுற்றும் என்று கையைச் சுற்றியே காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டு மின்சாரத்தைத் தொட்டதுண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். என் ரசீதுகளை எல்லாம் அடுக்கி வைத்தேன். அலாரம், கேமரா, அலாரம், கேமரா. அவர் புரட்டிவிட்டு, இவை எல்லாம் நீங்களே எழுதியவைதானே என்றார்.

ஒரு வேலையைச் செய்தேன் என்று காட்டலாம். செய்யவே இல்லை என்பதை எதைக் கொண்டுவந்து காட்டுவது? மனதுக்குள், “ஆண்டவரே, சாட்சிக்கு ஆள் இல்லை” என்றேன். அவ்வளவுதான் அந்த ஜெபம்.

அவர் தன் கோப்பில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். இணையத்தில் உங்களைப் பற்றித் தேடிப் பார்த்தேன் என்றார். தலைகீழாகத் தெரிந்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்தது. அந்த ஒற்றை நட்சத்திரம். ஆறு மாத ஜெபத்துக்கு அசையாத நட்சத்திரம். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அவர் நிதானமாக, கடைசிவரை வாசித்தார்.

“பிரயோஜனமில்லாத ஆள். அலாரம் மாட்ட வந்தவரிடம் பக்கத்துச் சுவரில் பிளக் சொருக ஒரு பவர் பாயிண்ட் வைக்கச் சொன்னேன். எவ்வளவு கேட்டும் மாட்டேன் என்றுவிட்டார். தனக்கு அதற்கு லைசென்ஸ் இல்லையாம், அதையே நாலு தடவை சொன்னார். நான் தனியாக எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதாயிற்று.”

அப்போதுதான் அந்த வீடு ஞாபகம் வந்தது. பிளாக்டவுன் ஸ்டேஷனுக்குப் பின்னால். அந்த மனிதர் ஏணியின் கீழே நின்று கத்தினார். நான் பயந்தாங்கொள்ளிபோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். என்னைத் திட்டுவதாக நினைத்து அவர் எனக்காக எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆண்டவர் அழிக்காமல் வைத்திருந்தது அதைத்தான். எங்கள் பன்னிரண்டு பேரின் ஜெபத்தையும் அவர் அன்றே கேட்டிருந்தால் அந்தக் கோப்பில் அந்தப் பக்கம் இருந்திருக்காது.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்த அம்மா பயந்து டிஷ்யூ பெட்டியை நகர்த்தினார். விளம்பரம் தவறு, எழுத்தில் ஓர் எச்சரிக்கை வரும், ஏழு நாளில் வேனைத் திருத்துங்கள் என்றார். எழுந்தபோது இன்னொன்றும் சொன்னார்: “பாதுகாப்பு உரிமப் பிரிவிடம் கேட்டேன். விசாரணை நடப்பதை நீங்களே அவர்களுக்கு எழுதியிருக்கிறீர்கள். அதையும் குறித்துக்கொண்டேன்.”

இரண்டு அலுவலகமும் வேறு வேறுதான். ஆனால் இரண்டிலும் போன் இருக்கிறது.

மார்ச் முடிவதற்கு இரண்டு நாள் முன்பு லைசென்ஸ் வந்தது. போட்டோவில் காது வழக்கமான நிறத்தில்தான் இருக்கிறது. புகார் கொடுத்தவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தால் ஒரு கேமரா இலவசமாக மாட்டிவிடுவேன் என்று சொல்ல ஆசைதான். அந்த அளவுக்கு இன்னும் வளரவில்லை. அவருக்காகத் தினமும் ஜெபிக்கிறேன், இப்போது வேறு மாதிரி ஜெபம்.

நான் மாறிவிட்டேனா? முன்பு ஜெபிக்கும்போது ஆண்டவருக்கு விவரமாக வழி சொல்லிக் கொடுப்பேன். இப்போது பிரச்சினையை மட்டும் சொல்கிறேன். வழி அவருக்குத் தெரிந்திருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை நான் இதை எல்லாம் கூட்டத்தில் சாட்சியாகச் சொன்னேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். மற்றவர்கள் போன பிறகு அன்ரன் என் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“அண்ணை, அந்த ரெண்டு பேருக்கும் இனி என்ர நம்பர் இல்லை எண்டு சொல்லிப் போட்டன்.”

“நல்லதுடே.”

“அது காணாது. லைசென்ஸ் ஒஃபிசில நானே போய்ச் சொல்ல வேணும். எனக்குப் பயமாக் கிடக்கு. இன்னும் நாலு பேர் என்னை நம்பி வேலை செய்யினம். நீங்கள் என்னோட வருவீங்களோ?”

“வர்றேன். ஆனா நான் வந்து மின்விசிறி சுத்திக் காட்டினா உனக்கு லைசென்ஸ் நிச்சயமா போயிரும்.”

அவன் சிரிக்க முயன்றான். முடியவில்லை. இருவரும் முழங்காலில் நின்றோம். நான் அவன் தோளில் கையை வைத்துக்கொண்டேன்.

இதை அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். வருகிற திங்கட்கிழமை காலை நாங்கள் இருவரும் போகிறோம். என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாது. அவனுடைய காரியம் என்னுடையதைவிடப் பெரியது. உரிமம் போகலாம். கைக்கு வந்த பிறகு துதிப்பது எனக்கே எளிதாக இருந்தது. இந்த முறை கையில் ஒன்றும் இல்லாமல் துதிக்கிறோம். நீங்கள் மறைத்து வைத்திருப்பது எதுவானாலும், எந்தப் படிவத்தைத் திறந்து திறந்து மூடினாலும், எங்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். உள்ளதைச் சொல்லிவிட்டு அவர் கையில் விட்டுப் பாருங்கள். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு, வேலையில் இருந்தாலும் ஒரு நிமிடம் நின்று, அன்ரன் என்ற பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். அந்த நேரத்தில் நாங்கள் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருப்போம்.