கிரைண்டருக்கு முன்னால் ஒரு பலகை

கடிக்கும் என்று தெரிந்த ஒன்றை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, கடிபடாமல் நிற்க அதன் முன்னாலேயே ஒரு பலகையையும் போட்டுவைக்கிறார்களே, அது துணிச்சலா, பழக்கமா, அல்லது எனக்கு இன்னும் பிடிபடாத வேறு ஏதாவதா? ஆரணிக்கு மருமகளாக வந்து இத்தனை வருடங்கள் ஆன பிறகும் இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

எங்கள் சமையலறையின் பின்கதவோரம் மாவாட்டும் கிரைண்டர் இருக்கிறது. ஈரக் கையோடு வெறுங்காலில் நின்று அதன் உடம்பைத் தொட்டால் மின்சாரம் சுரீரென்று முழங்கை வரை ஏறும். சமையலறைக்குள் செருப்பு போடக்கூடாது. ஆகவே பலகை. நான் வந்த புதிதில், புளி எங்கே, பருப்பு எங்கே என்று காட்டிய அதே குரலில் என் மாமியார் இதையும் சொல்லிக்கொடுத்தார்.

“பலகை மேல நின்னுகினு மாவத் தள்ளு. கீழ நின்னா கடிக்கும்.”

“எது கடிக்கும் அத்தே?”

“கிரைண்டருதான். வேற இன்னா கடிக்கும்?”

பக்கத்து வீட்டு ராணி அக்கா அப்போது எங்கள் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார். “எங்க வூட்டுது இதவிட மோசம். காலைல ஒருவாட்டி தொட்டா போதும், காப்பியே வேணாம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் மலேசியாக்காரிக்குத் தலைக்கனம் என்பார்கள்.

மலேசியாவில் இருக்கும் உங்களுக்கும், எங்களைப்போல் எழுபதுகளில் கப்பலேறி வந்து தமிழ்நாட்டில் தெரிந்த ஊர், தெரியாத ஊர் என்று இறங்கிக்கொண்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அப்பாவுக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. வேலை அனுமதியும் நின்றுபோனது. அங்கே பள்ளி இறுதி வகுப்பான ஐந்தாம் படிவத்தை நான் முடித்த கையோடு குடும்பமாகப் புறப்பட்டுவிட்டோம். எல்லோரும் அதை ஊர் திரும்புவது என்றார்கள். நான் அதற்கு முன் பார்த்தே இராத ஊருக்கு எப்படித் திரும்ப முடியும் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பள்ளியில் படித்ததில் இன்று என்னோடு மிஞ்சியிருப்பது மனையியல் வகுப்பில் கற்ற ஒரு பாடம்தான். ஒவ்வொரு மாணவியும் ஒரு மூன்று கால் பிளக்கைப் பிரித்து, வயர்களை முறுக்கி, திருகாணி போட்டு மூட வேண்டும். ஆசிரியை சீனப் பெண்மணி. வயரைப் பிடித்து ஓர் இழுப்பு இழுப்பார். கையோடு வந்துவிட்டால் மதிப்பெண் இல்லை. பச்சை வயர்தான் எர்த், மண்ணுக்குப் போவது, அது இல்லாவிட்டால் மனிதர் வழியாகப் போகும் என்று ஒரே ஒருமுறை சொன்னார். அங்கே சுவரில் இருக்கும் ஓட்டைகளுக்கு உள்ளே சின்னக் கதவு உண்டு. பிளக்கின் நீளமான மூன்றாவது கால் முதலில் நுழைந்தால்தான் மற்ற இரண்டுக்கும் கதவு திறக்கும். இங்கேயும் சுவரில் மூன்று ஓட்டைகள் இருந்தன. என் கணவர் பட்டு நெய்யும் தறிக்கு மேல் விளக்கு மாட்ட சேவூரிலிருந்து சைக்கிளில் வந்த வயர்மேன் கன்னியப்பனிடம் அதைத் திறந்து காட்டச் சொன்னேன். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் எந்த வயரும் இல்லை.

“அது சும்மா ஒரு இதுக்குங்கம்மா. பிளக்கு உள்ள போவணுமில்ல” என்றார் அவர்.

“எர்த் போடணும்னு சட்டம் இருக்கே.”

“சட்டத்துல எல்லாம்தான் கீது. இந்தத் தெருவுல எந்த வூட்ல எர்த்து கீதுன்னு சொல்லுங்க, உங்களுக்கும் இப்பவே போட்டுட்றேன்.”

எந்த வீட்டிலும் இல்லை. ஊரெல்லாம் இப்படித்தான் என்றால் நான்தான் அளவுக்கு மீறிப் பயப்படுகிறேனோ என்று நினைத்து உள்ளே போய்விட்டேன். என் வழக்கம் அது. ஒரு முடிவெடுப்பேன், அரிசி ஊறும் நேரத்துக்குள் அதைச் சந்தேகப்படுவேன்.

என் மகள் மீனா நடக்கத் தொடங்கியதும் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போனது. ஒருநாள் காலை அத்தை பலகையில் நின்று மாவு தள்ளிக்கொண்டிருந்தார். மீனா மாவுச் சட்டியில் கையை விட்டு அளைந்துவிட்டு, அதே ஈரக் கையைக் கிரைண்டரின் மேல் வைத்தாள். குழந்தை பின்னால் போய் விழுந்த வேகத்தை நான் பார்த்தேன். உடனே அழக்கூட இல்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நான் தூக்கிக் குலுக்கிய பிறகுதான் அழுகை வந்தது. அத்தை விபூதி பூசினார். “பலகை மேல நிக்கணும்னு கொழந்தைக்குத் தெரியுமா, பாவம்” என்றார்.

அன்று மாலை தறியிலிருந்து எழுந்த என் கணவர் கொல்லையில் உட்கார்ந்து மரம் இழைத்துக்கொண்டிருந்தார். பிறகு அதை எடுத்துவந்து பெரிய பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். மீனாவின் பாதங்களுக்கு அளவாக ஒரு சின்னப் பலகை. சிராய்ப்பு படாதபடி விளிம்புகளை வழவழப்பாக்கியிருந்தார். மகள்மேல் அவருக்கு இருக்கும் பாசம் அத்தனையும் அதில் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த வீடு என் மகளுக்கும் இடம் ஒதுக்கிவிட்டது, கடிக்கும் பொருளுக்கு முன்னால். விடிந்ததும் அந்தச் சின்னப் பலகையை எடுத்து வெந்நீர் அடுப்பில் வைத்தேன்.

அது எங்கள் பழைய தறியின் மிதிக்கட்டையை இழைத்துச் செய்தது என்பது எனக்குத் தெரியாது. தறியில் இருந்த மரத்தை இந்த வீட்டில் நெருப்பில் வைக்கமாட்டார்கள் என்பதும் தெரியாது. உடைந்துபோனால் கூரையோர எரவாணத்தில் செருகிவைப்பார்களே தவிர எரிக்கமாட்டார்கள். அத்தை அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சோறு போட்ட கட்டைய அடுப்புல வெச்சிட்டியே. உங்க ஊர்ல இப்டிதானா?”

“தறிக்கட்டைன்னு தெரியாது அத்தே. தெரிஞ்சிருந்தா வேற எங்கியாவது வீசியிருப்பேன். ஆனா அது மேல எம் பொண்ணு நிக்கமாட்டா. எர்த் போடுற வரைக்கும் நானும் கிரைண்டரத் தொடமாட்டேன்.”

அதற்கு முன் அந்த வீட்டில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அன்றிலிருந்து கொல்லையில் கிடந்த ஆட்டுக்கல்லைக் கழுவி அதில் ஆட்டினேன். தோள் கழன்றது. மாவு திப்பித்திப்பியாக வந்தது. இட்லியைப் பார்த்த கணவர், “நூலு நூலா கீது. இத நெய்யறதுக்குப் பாவு நூலு வேற வேணுமா?” என்றார். சிரிப்பு வந்தது, ஆனாலும் நான் இறங்கிவரவில்லை. ராணி அக்கா எட்டிப்பார்த்து, “இன்னாடி, புதுசா வந்தத வுட்டுட்டு பழசுல குந்திகினு கீற? மலேசியாவுல இதான் ஃபேஷனா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

கணவர்தான் கடைசியில் போய்க் கன்னியப்பனை அழைத்துவந்தார். பள்ளம் தோண்டி, இரும்புக் குழாயை நட்டு, ஈரம் காயாமல் நிற்கச் சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, அதிலிருந்து சமையலறைக்குத் தனிக் கம்பி இழுக்க வேண்டும் என்றார் வயர்மேன். உப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் அத்தை கிணற்றடியிலிருந்து எழுந்து வந்தார்.

“உப்பா? இந்தக் கொல்லையிலயா? கெணத்துல உப்பு எறங்கினா சாயம் ஏறாது. பட்டு மங்கிப்போவும். அப்புறம் சோத்துக்கு இன்னாடா பண்ணுவீங்க?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. மாமனார் காலத்திலிருந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் பட்டு நூலை அவித்துச் சாயம் போடுகிறார்கள். தெருப்பக்கம் தோண்டலாம் என்றால் அது காலையில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டும் இடம். என் பிடிவாதம் ஒரு குடும்பத்தின் தொழிலையே கெடுத்துவிட்டால் என்ன செய்வது என்று நானும் பயந்தேன். ஆனால் மீனாவின் சத்தம் வராத வாய் கண்முன் நின்றது.

“உப்பு வேணாம்” என்றேன். “கரி மட்டும் போடுங்க. ஈரத்துக்கு நான் தெனமும் தண்ணி ஊத்துறேன்.”

“உப்பு இல்லாம எர்த்து நிக்காதுங்கம்மா.”

“நிக்கிற வரைக்கும் நிக்கட்டும்.”

கிணற்றிலிருந்து எட்டிய மட்டும் தள்ளி, கொல்லை மூலையில் குழி வெட்டினார்கள். குழாயிலிருந்து வந்த கம்பி மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் முதல்முறையாக ஏறியது. அதோடு விடவில்லை. மீட்டர் பக்கத்தில் இருக்கும் பீங்கான் ஃபியூஸையும் பிடுங்கிக் காட்டச் சொன்னேன். உள்ளே தங்க நிறத்தில் மின்னியது. சேலைக் கரைக்கு வாங்கிய சரிகை. ஃபியூஸ் போகும்போதெல்லாம் கையருகே கிடக்கும் சரிகையைத் திரித்துக் கட்டுவது இந்தத் தெருவில் எல்லா நெசவாளர்களும் செய்வதுதான். கணவர் பல இழைகளைச் சேர்த்து முறுக்கியிருந்தார்.

“அசல் சரிகை. அவ்ளோ ஜல்தில போவாது” என்றார், கொஞ்சம் பெருமையோடு.

“கோளாறு வந்தா ஜல்தியா போறதுதாங்க அதோட வேலை. அது போகலன்னா நாம போவோம்.”

கன்னியப்பன் வாய்க்குள் சிரித்துக்கொண்டு, பையிலிருந்து சரியான ஃபியூஸ் கம்பியை எடுத்துக் கட்டினார். பிறகு மின்கம்பிக்கும் மண்ணிலிருந்து வந்த கம்பிக்கும் நடுவே ஒரு பல்பைப் பிடித்தார். பளிச்சென்று எரிந்தது, எர்த் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். கிரைண்டரை ஓடவிட்டு, நான் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று உள்ளங்கையை அதன் மேல் வைத்தேன். ஒன்றும் இல்லை. வெறும் இரும்பின் குளிர்ச்சி. அத்தை பலகையில் ஏறி நின்று புறங்கையால் தொட்டுப் பார்த்தார். “கடிக்கல” என்றார். பலகையிலிருந்து மட்டும் இறங்கவில்லை. இன்றுவரை இறங்கவில்லை.

இப்போது சித்திரை. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. போன வாரம் கன்னியப்பன் அதே பல்பைப் பிடித்தபோது அது சிவப்பாக, மங்கலாகத்தான் எரிந்தது. “நான் அப்பவே சொன்னேன்” என்றார். “உப்பு போட்டா கெணத்த மூடிட்டுப் போடு” என்கிறார் அத்தை. இருவர் சொல்வதும் சரிதான். எனவே ஆட்டுக்கல்லை மறுபடியும் கழுவிவைத்துவிட்டேன். தினமும் அரிசி களைந்த தண்ணீரைக் குழியில் ஊற்றுகிறேன். நம் மலேசியாவில் மதியம் தவறாமல் மழை பெய்யும், மண் காய்ந்து பார்த்ததில்லை, அதற்கு யாரும் தண்ணீர் சுமந்ததும் இல்லை. இங்கே கொல்லை முழுக்க வெடித்துக் கிடக்கிறது ஆரணி மண். ஒரு மூலையில், முறத்தளவு இடம் மட்டும் கறுத்து, ஈர வாசம் வீசுகிறது. அதன் ஓரத்தில் குந்திக்கொண்டு மீனா விரலால் கோடு போடுகிறாள். நான் காலிச் சட்டியோடு அந்த வாசத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

உங்களில் வயரிங் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். என்னைப்போல் வந்து வறண்ட ஊர்களில் இதையே செய்து பார்த்தவர்களும் இருப்பீர்கள். உப்பு போடாமல், கிணற்றைக் கெடுக்காமல், கோடையிலும் எர்த் நிற்க என்ன வழி? குழாயை இன்னும் ஆழமாக இறக்கலாமா? இன்னொரு குழாய் நட்டு இரண்டையும் இணைத்தால் போதுமா? தெரிந்ததை எழுதுங்கள். நீங்கள் சொல்வதைச் செய்து பார்க்கிறேன். பலகை மேல் நின்றுகொள் என்று மட்டும் எழுதாதீர்கள்.