ஆராட்டு நாளில் திறந்திருந்த கோர்ட்டு

நாகர்கோவில் கோர்ட்டில் நான் பாண்டிக்கார வக்கீல். திருநெல்வேலியில் மலையாளத்து வக்கீல். இரண்டிடத்திலும் ஒரு பயல் எனக்கு நாற்காலி நகர்த்திப் போட்டதில்லை. நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர், திருநெல்வேலி பிரிட்டிஷ்; அவர்களுக்கு ஒரு ராஜ்ஜியத்துச் சட்டம்தான் தெரியும், எனக்கு இரண்டும் தெரியும் என்ற வயிற்றெரிச்சல். எனக்கும் அந்தத் திமிர் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில் கோட்டாற்றிலிருந்து ஒரு விதவை வந்தாள். எங்கள் பக்கம் அப்போது மருமக்கள் வழி; சொத்து பெண்டாட்டி பிள்ளைக்கு இல்லை, கூடப்பிறந்தவள் மகனான மருமகனுக்கு. கணவன் கண்ணை மூடியதும் அவன் அக்காள் மகன் வீட்டையும் நிலத்தையும் எடுத்துக்கொண்டு, இவளையும் மகளையும் வெளியே தள்ளிவிட்டான். கணவன் விவரமானவன். இப்படி நடக்கும் என்று தெரிந்தே ஆரல்வாய்மொழிக்கு அப்பால், பிரிட்டிஷ் எல்லைக்குள், பணகுடியில் ஒரு வயல் வாங்கிப் போட்டிருந்தான். அங்கே சொத்து மனைவிக்குத்தான். மருமகன் அதற்கும் வழக்குப் போட்டு, கீழ்க்கோர்ட்டில் எப்படியோ ஜெயித்துவிட்டான். திருநெல்வேலி ஜில்லாக் கோர்ட்டில் அப்பீல் கொடுப்பது என் பொறுப்பு. அந்த வயலும் போனால் தாயும் மகளும் தெருவில்தான்.

அப்பீல் கெடுவின் கடைசி நாள் ஆராட்டு. திருவனந்தபுரத்தில் மகாராஜா சாமியைக் கடலுக்கு அழைத்துப் போகும் நாள். திருவிதாங்கூர் முழுக்கக் கோர்ட்டு லீவு. லீவென்றால் மறுநாள் கொடுத்தால் போதும். என் அறையில் தொங்கிய திருவிதாங்கூர்க் காலண்டரைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டில் இருந்தேன். மறுநாள் திருநெல்வேலி போய் நீட்டினால், குமாஸ்தா காகிதத்தைத் தொடவேயில்லை.

“ஓய் வக்கீலே, உங்க மகாராஜா சாமியக் கடலுக்குக் கூட்டிட்டுப் போனா எங்க கோர்ட்ட எதுக்குவே பூட்டணும்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மருமகனின் வக்கீல் கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தான். அவன் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

தாமதத்தை மன்னிக்கும்படி மனுப் போட வழியுண்டு. வக்கீல் நாளைத் தப்பாகக் கணக்குப் பண்ணிவிட்டான் என்று உள்ளதை எழுதினால் அந்த ஜட்ஜ் மன்னிப்பார்; மன்னித்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தின் முன்னால் அதை என் வாயால் சொல்வதா? கட்சிக்காரிக்குக் கடும் காய்ச்சல், அதனால் தாமதம் என்று எழுதினேன்.

“எனக்குக் காய்ச்சலே வரல்லியே அய்யா?” என்றாள்.

“கேட்டா வந்ததுன்னு சொல்லணும், கேட்டியளா?” என்றேன். கைநாட்டு வைத்தாள்.

விசாரணையன்று மருமகனின் வக்கீல் அவளைக் கூண்டில் ஏற்றினான். காய்ச்சல்தான் என்றாள். எந்த வைத்தியர், என்ன மருந்து, எத்தனை நாள் என்று அவன் கேட்கக் கேட்க, ஒவ்வொரு கேள்விக்கும் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்து வழக்குக் கட்டுகளைப் புரட்டினேன். ஜட்ஜ் இங்கிலீஷில் நாலு வார்த்தை சொல்லி மனுவைத் தள்ளினார். அவளுக்கு அது புரியவில்லை.

வெளியே வந்ததும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள்.

“நீங்க சொன்ன மாதிரிதானே அய்யா சொன்னேன்? வயலு கெடச்சிரும்லா?”