ஆத்மநாதன் வீட்டுக் கோரை

கறம்பக்குடிப் பக்கம் ஒருவர் வீட்டு முன்னால் புல் வளர்க்கிறார் என்றால் அவரிடம் மாடு இருக்கிறது என்று அர்த்தம். ஆத்மநாதனிடம் மாடும் இல்லை, ஆடும் இல்லை. பார்ப்பதற்காக மட்டுமே புல் வளர்த்தார். தெருவில் போகிறவர்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "இதை எப்பங்க அறுப்பீங்க?" என்று கேட்டார்கள். கேட்டவர்களை எல்லாம் அவர் மனசுக்குள் வைது தீர்த்தார். எதிர்வீட்டுக்காரர் இரண்டாம் தடவை கேட்டபோது அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

பார்க்கவும் லட்சணமாகத்தான் இருந்தது. நர்சரியிலிருந்து பாய் பாயாக வாங்கி வந்து ஒட்டிய கொரியன் புல். நடுவில் ஒரு நாற்காலி போடுகிற அளவுக்கு இடம். அந்த நாற்காலிக்காகத்தான் இத்தனை பாடும்.

ஆத்மநாதன் இருபத்திரண்டு வருஷம் கத்தாரில் இருந்தவர். ஊருக்குத் தெரிந்த வரைக்கும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். உண்மை வேறு. முதல் மூன்று வருஷம் கட்டட வேலை. மிச்சம் பத்தொன்பது வருஷமும் ஒரே பெரிய வீட்டின் புல்தரையில் களை பிடுங்கினார். வெயில் ஏறுவதற்குள் சாக்கை மடித்து முட்டிக்கு அடியில் போட்டுக்கொண்டு, சின்னக் கத்தியால் ஒவ்வொரு களையாக நெம்பி எடுக்க வேண்டும். வாசலில் கார் ஹாரன் கேட்டால் எழுந்து ஓடிப் போய்க் கேட்டைத் திறந்து, கத்தியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். கார் உள்ளே போனபிறகு மறுபடி முட்டி. சாயங்காலம் அந்த வீட்டுக்காரர் வெறுங்காலோடு புல்லில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடிப்பார். அவர் ஆத்மநாதனை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. இருந்தும் அந்த நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் ஆத்மநாதனுக்கு வயிறு எரியும்.

நாலாம் வருஷக் கடைசியில் முதல் லீவில் ஊருக்கு வந்தபோது மச்சான் வெள்ளைச்சாமி, அதாவது மனைவி திலகவதியின் அண்ணன், நாலு பேர் முன்னால் "அங்க என்ன வேலை மாப்ளே?" என்று கேட்டார். கேட்ட தோரணை பிடிக்காமல் "சூப்பர்வைசர்" என்று சொல்லிவிட்டார். சொன்னது சொன்னதுதான். அதன்பிறகு திலகவதி அதைப் பிடித்துக்கொண்டாள். அண்ணனிடம் பேசும்போது ஒரு வருஷம் "அவருக்குக் கீழ பத்துப் பேரு" என்பாள், அடுத்த வருஷம் இருபது. கடைசியில் அது ஐம்பதில் வந்து நின்றது. பாவம், வெள்ளந்தியாக நம்புகிறாளே என்று ஆத்மநாதன் நினைத்துக்கொள்வார். அவளிடமும் உண்மையைச் சொன்னதில்லை.

இப்போது அந்தப் பொய்க்கு மதிப்பு கூடிவிட்டது. மகள் தேவிப்ரியாவுக்கு அரிமளத்தில் ஒரு வரன் கூடி வந்தது. கொண்டுவந்ததே வெள்ளைச்சாமிதான். "பொண்ணோட அப்பா கத்தார்ல அம்பது பேரை வச்சு வேலை வாங்கினவரு" என்று அங்கே சொல்லியும் வைத்திருந்தார். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். புல்லில் நாற்காலி போட்டு அவர்களை உட்கார வைக்க வேண்டும், ஐம்பது பேரை வைத்து வேலை வாங்கியவன் வீடு எப்படி இருக்கும் என்று மச்சானும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்பது ஆத்மநாதனின் கணக்கு.

அந்தக் கணக்கில்தான் கோரை முளைத்தது.

புல் ஒட்டுவதற்கு முன்னால் மண் வேண்டியிருந்தது. வெள்ளைச்சாமி கேட்காமலே இரண்டு டிப்பர் கம்மாய் வண்டலைக் கொண்டுவந்து வாசலில் கொட்டினார். வயலுக்கும் தென்னைக்கும் இந்த ஊரில் அதைவிட உசத்தியான மண் கிடையாது. ஆத்மநாதன் ஒரு கை அள்ளிப் பார்த்தார். உள்ளே மிளகு மாதிரி கறுப்புக் கறுப்பாகக் கோரைக்கிழங்கு. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இது புல்தரைக்கு ஆகாது என்று. ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை. சூப்பர்வைசருக்குப் புல் மண்ணைப் பற்றி என்ன தெரியும்? ஒரு வார்த்தை சொன்னால் மச்சான் ஒன்பது வார்த்தை கேட்பார். கையைத் தட்டிவிட்டு, "பரப்பச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார்.

பத்தே நாளில் கொரியன் புல்லைக் கிழித்துக்கொண்டு கோரை கிளம்பியது. கூடவே விரல் விரித்த மாதிரி கதிர் விடும் காட்டுப்புல்லும் தரையோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர் இறக்கியது. உரக்கடையில் கேட்டதற்கு, "கரும்புக்கு அடிக்கிற கோரை மருந்து இருக்கு. ஒங்க அழகுப் புல்லுக்கு அடிச்சா என்னாகும்னு நான் கேரண்டி குடுக்க மாட்டேன்" என்றார் கடைக்காரர்.

அந்த ஆத்திரத்தில் இருக்கும்போதுதான் வெள்ளைச்சாமி பைக்கில் வந்து இறங்கினார்.

"மச்சான், இது என்ன மண்ணு?"

"கம்மாய் மண்ணு மாப்ளே. ஊரே கேட்டு நிக்கிது. ஒங்களுக்குன்னு ரெண்டு லோடு ஒதுக்கி விட்டேன்."

"கோரையோட ஒதுக்கி விட்டிருக்கீங்க. வேணும்னே செஞ்சிருக்கீங்க. நான் ஒண்ணு ஆசைப்பட்டுச் செஞ்சா ஒங்களுக்குப் பொறுக்காது."

வெள்ளைச்சாமியின் முகம் சுருங்கியது. "பொறுக்காதவன்தான் ஒங்க மகளுக்காக அரிமளத்துக்கும் இங்கிட்டும் அலையிறேனா? கம்மாய் மண்ணுல கோரை இல்லாம ரோசாவா மொளைக்கும்? அம்பது பேரை அடக்கி வேலை வாங்கின ஆளு, இந்தப் புல்லை அடக்கத் தெரியலையாக்கும்."

திலகவதி உள்ளே இருந்து ஓடி வந்தாள். "விடுங்கண்ணே. அவரு மம்பட்டி பிடிச்ச ஆளா? ஆளுகளை வச்சு வேலை வாங்கிப் பழகினவரு."

"அப்ப ஆளை வச்சே வாங்கச் சொல்லு" என்று வெள்ளைச்சாமி பைக்கைத் திருப்பினார். காப்பிகூடக் குடிக்கவில்லை.

ஆள் வந்தது. பொன்னுத்தாய்க்கு வயசு அறுபதைத் தாண்டியிருக்கும். கடலைக் கொல்லைகளில் நாற்பது வருஷமாகக் களை வெட்டியவள். வெள்ளியும் சனியும் குனிந்த முதுகு நிமிராமல் களைக்கொத்தால் கொத்தித் தள்ளினாள். சனிக்கிழமை பொழுதடையும்போது புல் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் கொத்திய இடமெல்லாம் ஊசி ஊசியாகக் கோரை நிமிர்ந்து நின்றது.

அன்றைக்கும் வேலைக்கு வந்து நின்ற பொன்னுத்தாயைப் பார்த்ததும் ஆத்மநாதனுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "தலையை மட்டும் வெட்டிவிட்டுப் போயிருக்கியே, கெழங்கை யாரு எடுப்பா? கொத்துறப்ப கெழங்கு அறுந்து ஒண்ணு நாலாகுதே, அதுகூடத் தெரியாதா?"

"தெரியும் தம்பி. கொல்லையில பயிரு எந்திரிச்சு மூடிரும், கோரை அடங்கிப் போகும். ஒங்க புல்லு ஒரு வெரல் ஒசரங்கூட இல்லையே, அது எதை மூடும்?"

"பேசாத. வேலை தெரியாதவளுக்கு வாய் மட்டும் நீளம்."

பொன்னுத்தாய் களைக்கொத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "அப்ப வேலை தெரிஞ்சவுக நீங்களே எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள்.

நாலு மணிக்கு விருந்தாளி. பத்து மணிக்கு ஆள் இல்லை. ஆத்மநாதன் பரண்மேல் கிடந்த பையைத் திறந்து, முட்டியில் ஒட்டுப் போட்ட பழைய பேண்ட்டை எடுத்து மாட்டினார். பையின் அடியில் அந்தச் சின்னக் கத்தி இருந்தது. சாக்கை மடித்துப் போட்டு முட்டி போட்டார். புல்லை நனைத்து, தண்டை ஒட்டிக் கத்தியை இறக்கி, லேசாக நெம்பி, அவசரப்படாமல் இழுத்தால் கோரை கிழங்குச் சங்கிலியோடு வந்தது. ஒன்று, பத்து, நூறு. கண் பார்க்காமலே கை வேலை செய்தது. வெயிலும் தெரியவில்லை, பசியும் தெரியவில்லை. இந்தப் பாழாய்ப்போன வேலை தன் உடம்புக்குச் சுகமாக இருக்கிறதே என்று நினைத்தபோது அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை.

இரண்டரை மணிக்கு வாசலில் ஹாரன் கேட்டது.

ஆத்மநாதன் எழுந்தார். புல்லை விட்டு இறங்கி ஓடினார். கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்து, கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து ஓரமாக நின்றார். யாரும் சொல்லவில்லை, கால் தானாகப் போனது.

கார்க் கண்ணாடி இறங்கியது. மாப்பிள்ளையின் அப்பா, நரைத்த தலையும் கண்ணாடியுமாக, ராகு காலத்துக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று சீக்கிரமே புறப்பட்டு வந்தவர். இதுவரை ஆத்மநாதனை நேரில் பார்த்ததில்லை. "ஏம்ப்பா, வீட்டுக்காரரு இருக்காரா?" என்று கேட்டார்.

"உள்ள இருக்காருங்க" என்றார் ஆத்மநாதன்.

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. நிமிர்ந்து பார்த்தார். காருக்குப் பின்னால் பைக்கில் ஒற்றைக் காலை ஊன்றியபடி வெள்ளைச்சாமி. ஒட்டுப் போட்ட முட்டியைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கத்தியைப் பார்த்தார். சாக்கையும், சங்கிலி சங்கிலியாகக் குவிந்திருந்த கோரையையும் பார்த்தார். அவசரமே படவில்லை.

"வீட்டுக்காரரே இவருதாங்க" என்றார் வெள்ளைச்சாமி, கார்க்காரரிடம். பிறகு ஆத்மநாதனைப் பார்த்து, "கேட்டைத் தொறக்கிறதுல நல்ல பழக்கம் போலருக்கே மாப்ளே" என்று சிரித்தார்.

மாப்பிள்ளையின் அப்பா பதறி இறங்கி மன்னிப்புக் கேட்டார். ஆத்மநாதன் ஏதோ சொல்லிச் சமாளித்து, அவர்களைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, கொல்லைப்பக்கமாகச் சுற்றி அடுப்படிக்கு வந்தார். திலகவதி கேசரியைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக எல்லாம் பார்த்திருந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒங்க அண்ணன் இருக்காரே..." என்று தொடங்கினார்.

"எங்க அண்ணனை ஏன் வையிறீங்க? ஹாரன் அடிச்சா கேட்டைத் தொறந்துட்டு நிக்கச் சொன்னது அவரா?"

"திலகா, நான் ஒங்கிட்ட ஒண்ணு..."

"எனக்குத் தெரியும். மொதல் லீவுலயே தெரியும். துவைக்கிறவ நான்தான? சூப்பர்வைசர் பேண்ட்டு ஒக்கார்ற எடத்துல தேயும். ஒங்களுது முட்டியில கிழிஞ்சு வந்துச்சு. அந்த ஒட்டைப் போட்டது யாருன்னு நெனச்சீங்க?"

ஆத்மநாதன் குனிந்து முட்டியைப் பார்த்தார். "அப்பறம் ஏன் நீ கேக்கல?"

"கேட்டா நீங்க சொல்லியிருப்பீங்க. நீங்க சொல்லிட்டா, எங்க அண்ணன்கிட்ட நான் எந்த மொகத்தோட பொய் சொல்றது?" கரண்டி சட்டியில் மோதியது. "பத்துன்னும் இருபதுன்னும் அம்பதுன்னும் ஏத்திக்கிட்டே வந்தவ நானு. இத்தனை வருஷம் கட்டிக் காத்ததை ஒரு ஹாரன் சத்தத்துக்குத் தொறந்து விட்டுட்டீங்களே."

அவள் ஒரு சொம்புத் தண்ணீரை அவர் காலடியில் நங்கென்று வைத்தாள்.

"முட்டியைக் கழுவிட்டு வேட்டியைக் கட்டிக்கிட்டு வாங்க. கேட்டா, ஆளு வரலை, நானே எறங்கிட்டேன்னு சொல்லுங்க. மத்ததை நான் பேசிக்கிறேன்."

கூடத்திலிருந்து வெள்ளைச்சாமியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆத்மநாதன் பேண்ட்டைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டு, குனிந்து தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். மண் போனது. பத்தொன்பது வருஷமாகக் காய்த்துப்போன கறுப்பு மட்டும் போகவில்லை. வேட்டியை அதற்குக் கீழே நன்றாக இறக்கிக் கட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனார்.