என் பலகைக்கு மட்டும் சாய்வு ஜாஸ்தி

ஒரு கம்ப்யூட்டர் கேமுனால எனக்கும் என் கூட்டாளிக்கும் பேச்சு நின்னு போச்சுன்னு சொன்னா சிரிப்பீங்க. சிரிங்க. நான் இன்னும் சிரிக்கல.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில, கரண்டு மீட்டர் பக்கத்துல மாட்டுற பீங்கான் பீஸ் கேரியர் செய்யுற ஒரு சின்னக் கம்பெனியில அப்ப நான் சூப்பர்வைசர். அவன் இன்னொரு சூப்பர்வைசர். ஒண்ணாப் படிச்சோம், ஒரே ரூமுல தங்குனோம், ஒருத்தன் சட்டையை இன்னொருத்தன் போட்டுக்கிட்டுத் திரிஞ்சோம். அவன் என்னை மாப்ளன்னு கூப்புடுவான், நான் அவனை மச்சான்னு கூப்புடுவேன்.

சனிக்கிழமை சூளையில சரக்கை அடுக்கிக் கதவைச் சாத்திட்டா, ஞாயித்துக்கிழமை பூரா எரியும். எங்க ரெண்டு பேருல ஒருத்தன் கட்டாயம் பக்கத்துல இருக்கணும். யாரு இருக்குறதுன்னு மொதலாளி கேக்க மாட்டாரு, ஆளு இருந்தா சரி. ஒரு வாரம் அவன், ஒரு வாரம் நான்னு மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டிருந்தோம்.

அந்த நேரத்துல தான் எனக்குப் பொண்ணு பொறந்துச்சு. தலைப்பிரசவம், அதனால வூட்டுக்காரம்மா அவங்க அம்மா வூட்டுல இருந்தாங்க, வேப்பூருக்குப் பக்கத்துல. எங்க வழக்கப்படி அஞ்சாம் மாசம் தான் கொழந்தையைத் தூக்கிக்கிட்டு எங்க வூட்டுக்கு வரணும். அது வரைக்கும் நான் போயிப் பாத்தாத் தான் உண்டு. மத்த நாள்ல வேலை முடிய இருட்டிடும், லீவு கேட்டா மொதலாளி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாரு. அதனால எல்லா ஞாயித்துக்கிழமையும் எனக்கே விட்டுக் குடுடான்னு அவன்கிட்ட கேட்டேன்.

அவன் நல்லூர்க்காரன், அப்ப கல்யாணம் ஆகல. "எனக்கும் அப்பா அம்மா இருக்காங்க மாப்ள, நெலம் கெடக்குது," அப்டின்னான். "ஒண்ணு பண்ணலாம். சனிக்கிழமை சனிக்கிழமை ஆடித் தீத்துக்கலாம். ஜெயிச்சவன் ஊருக்குப் போவட்டும், தோத்தவன் சூளையைப் பாக்கட்டும்."

ஆட்டம்னா ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அவன் ஒரு சிடியிலருந்து ஏத்தி வெச்சிருந்த பின்பால். ஒரு சாஞ்ச பலகை, அதுல முட்டி மோதி உருண்டு வர்ற ஒரு குண்டு, கீழ ரெண்டு மட்டை. நடுவுல இருக்குற சந்துல குண்டு உழுந்துடாம தட்டித் தட்டி மேல அனுப்பணும். ஒரு பட்டனைத் தட்டுனா பலகையே லேசாக் குலுங்கும், உழப் போற குண்டு தப்பிச்சுக்கும். ரொம்பக் குலுக்கிட்டா டில்ட்னு எழுத்து வந்து மட்டை ரெண்டும் செத்துப் போவும். மொத ஆட்டக்காரன் அவன், ரெண்டாவது நான். டீ நேரத்துல சும்மா ஆடுறப்பல்லாம் அவனை நான் ஓட ஓட வெரட்டியிருக்கேன். அந்த தைரியத்துல தான் சரின்னேன்.

மொத சனிக்கிழமை தோத்தேன். போனாப் போவுதுன்னு வுட்டேன். அடுத்த வாரமும் தோத்தேன், அதுக்கு அடுத்த வாரமும் தோத்தேன், அப்பறம் ஒரு வாரம் கூட ஜெயிக்கல. என் குண்டு மட்டும் யாரோ வெரட்டுற மாதிரி விழுந்தடிச்சு வரும். மட்டையால ஓங்கி அடிச்சாலும் பாதி தூரம் கூட ஏறாது. ஒரே ஒரு தட்டு தட்டுவேன், உடனே டில்ட். "என்ன மாப்ள, அப்பாவானதும் கை நடுங்குது போல," அப்டின்னு சிரிப்பான். நானும் நெசமாவே என் கையைப் பாத்துக்குவேன். ராத்திரித் தூக்கம் இல்ல, அதான் இப்டின்னு நானே எனக்கு சமாதானம் சொல்லிக்குவேன்.

செட்டிங்கைப் போயிப் பாத்திருக்கலாமேன்னு கேப்பீங்க. சூளை வேலை செய்யுறவனுக்கு அது தோணாது. சூளைக்கு ஒருத்தன் சூடு வெச்சுட்டுப் போயிட்டான்னா, அடுத்தவன் அந்தத் திருகாணியில வெரலை வெக்கக் கூடாது. வெச்சா சரக்கு பூரா வெடிச்சுப் போவும். அது எங்க ரத்தத்துல ஊறுன பழக்கம். கம்ப்யூட்டரு அவன் பொறுப்பு, ஆட்டத்தை செட் பண்ணுனது அவன். நான் மட்டையைத் தட்டுறதோட சரி.

ஒரு வாரம் வெக்கத்தை வுட்டுக் கேட்டேன், இந்த ஒரு தடவை வுட்டுக் குடுடான்னு. "ஆட்டம்னா ஆட்டம் தான் மாப்ள," அப்டின்னான். அதோட நிறுத்தியிருந்தாக் கூடப் பரவால்ல. "நீ ஏன் கவலைப்படுற, நல்லூர்லருந்து வண்டியில போனா பக்கம் தான, நான் போயிப் பாத்துட்டு வரேன்," அப்டின்னான். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. சோப்பு, பவுடர், ஒரு கிலுகிலுப்பை எல்லாம் வாங்கி அவன் கையிலயே குடுத்தனுப்புனேன். இவனை மாதிரி ஒருத்தன் கெடைப்பானான்னு வூட்டுக்காரம்மாகிட்ட போனுல வேற பெருமை பேசுனேன். இப்ப நெனைச்சா என்னையே செருப்பால அடிச்சுக்கலாம் போல இருக்குது.

திங்கக்கிழமை வந்தா அவன் சொல்ல ஆரம்பிச்சுடுவான். உன் பொண்ணு மொகம் பாத்து சிரிக்குது மாப்ள. கிலுகிலுப்பையைக் காட்டுனா தலையைத் திருப்பித் திருப்பிப் பாக்குது. ஒரு திங்கக்கிழமை டிபன் பாக்ஸு ஒண்ணை நீட்டுனான். தொறந்தா கொழுக்கட்டை. "நேத்து குப்புற உழுந்துடுச்சு மாப்ள, என் கண்ணு முன்னாடி தான். உன் மாமியாரு சுட்டுக் குடுத்தாங்க." எம்பொண்ணு மொதமொதல்ல குப்புற உழுந்ததுக்கு சுட்ட கொழுக்கட்டையை, சூளைப் பக்கத்துல நின்னுக்கிட்டு அவன் கையிலருந்து வாங்கித் தின்னேன். நன்றியும் சொன்னேன்.

அஞ்சாம் மாசம் கொழந்தை வூட்டுக்கு வந்துச்சு. ஆசையா வாங்குனேன், வீல்னு கத்துச்சு. என்னைப் பாக்கப் பாக்க அழுவுது. அவன் வந்து கையை நீட்டுனான், அவன்கிட்ட தாவிப் போயிடுச்சு. "பழகிடும் மாப்ள," அப்டின்னு என் தோள்ல தட்டுனான். அப்பவும் அவன் மேல எனக்கு சந்தேகம் வரல. என் மேல தான் கோவம் வந்துச்சு.

அடுத்த வாரத்துல ஒரு நாள், அவன் லோடு ஏத்திக்கிட்டு மங்கலம்பேட்டை போயிருந்தான். சாப்பாட்டு நேரத்துல தனியா ஒரு ஆட்டம் போட்டேன். தனியா ஆடுனா அது மொத ஆட்டக்காரன் கணக்குல தான் ஓடும், அதாவது அவன் கணக்குல. குண்டு தாத்தா நடக்குற மாதிரி மெதுவா உருண்டு வந்துச்சு. மட்டையை லேசாத் தட்டுனேன், உச்சிக்குப் போயிடுச்சு. பட்டனை எத்தனை தடவை தட்டியும் டில்ட் வரல.

அன்னிக்குத் தான் மொதமொதலா செட்டிங்கைத் தொறந்தேன். ரெண்டு ஆட்டக்காரனுக்கும் தனித்தனியா இருந்துச்சு. அவனுக்குப் பலகை கிட்டத்தட்ட படுத்துக் கெடக்குது, மட்டைக்கு முழு பலம், எவ்வளவு குலுக்குனாலும் கேள்வி இல்ல. எனக்குப் பலகை செங்குத்து, மட்டைக்குப் பலமே இல்ல, தொட்டாலே டில்ட். கூட இருந்தே குழி பறிச்சிருக்கான் பாவி.

சாயங்காலம் வந்தான். திரையைக் காட்டுனேன். மூஞ்சி சுருங்கிப் போச்சு. "மொத வாரம் ஊர்ல ஒரு வேலை இருந்துச்சு மாப்ள, அதுக்காக மாத்துனேன். அப்பறம் திருப்பி வெக்க மறந்துட்டேன்," அப்டின்னான்.

மறந்துட்டானாம். சூளையில பத்து டிகிரி ஏறுனா தூக்கத்துல எழுந்து ஓடுறவன், இதை மட்டும் மறந்துட்டானாம். வாய் கூசாம சொல்றான்.

அவனே நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தான். என் பலகையைப் படுக்க வெச்சான், மட்டைக்கு முழு பலம் குடுத்தான், டில்ட்டை எடுத்தே வுட்டான். "இந்தா, இனிமே ஞாயித்துக்கிழமை எல்லாம் உனக்குத் தான். போதுமா?"

"பொண்ணு வூட்டுக்கு வந்துடுச்சு. இனிமே எனக்கு ஞாயித்துக்கிழமை எதுக்குடா?" அப்டின்னு கேட்டேன். அவன்கிட்ட நான் கடைசியாப் பேசுனது அதான்.

வூட்டுக்குப் போனேன். வண்டிச் சத்தம் கேட்டு வூட்டுக்காரம்மா கொழந்தையோட வாசலுக்கு வந்தாங்க. கொழந்தை என்னைப் பாத்துச்சு, அப்பறம் எனக்குப் பின்னால ரோட்டை எட்டி எட்டிப் பாத்துச்சு.

"அண்ணன் வரலீங்களா?" அப்டின்னு கேட்டாங்க. "இது அவரைத் தான் தேடுது."